இட்லித் துண்டிலிருந்து தொடங்கலாம்: கைக்குழந்தை தானே எடுத்துச் சாப்பிட ஒரு வழிகாட்டி

மூத்தவளுக்கு ஒரு வயதாகும் வரை எல்லாவற்றையும் மிக்சியில் அடித்துத்தான் கொடுத்தேன். கேரட்டா, பருப்பா, மீனா என்று நிறத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். விளைவு, ஒன்றரை வயதிலும் சோற்றில் ஒரு பருக்கை முழுதாகத் தட்டுப்பட்டால் துப்பிவிடுவாள். இரண்டாமவன் பிறந்த பிறகு மிக்சி ஜாரைக் கழுவக்கூட எனக்கு நேரமில்லை. ஆறரை மாதத்தில் ஒரு நாள், மடியில் உட்கார்ந்திருந்தவன் என் தட்டிலிருந்த இட்லியைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டான். அத்தை அலறினார், நானும் அலறினேன். அவன் மட்டும் அமைதியாகச் சப்பிக்கொண்டிருந்தான்.

அன்றைக்குத்தான் உறைத்தது. நாம் கையால் பிசைந்து சாப்பிடுகிற ஆட்கள். நம் வீட்டுக் குழந்தை தட்டில் கைவைத்தால் மட்டும் ஏன் கையைத் தட்டிவிடுகிறோம்? ஃபிங்கர் ஃபுட் என்றதும் பேரங்காடி அலமாரியில் டப்பா டப்பாவாக அடுக்கியிருக்கும் பொரிகளைத் தேடிப் போக வேண்டாம். இட்லிக் கொப்பரை இருக்கிற வீட்டில் பாதி வேலை முடிந்த மாதிரிதான். எப்போது தொடங்குவது, எப்படி வெட்டுவது, எதைத் தரக்கூடாது, தொண்டையில் சிக்கினால் என்ன செய்வது, இவை தெரிந்தால் போதும்.

எப்போது தொடங்குவது

ஏறக்குறைய 6 மாதத்தில். அதுவரை தாய்ப்பால் மட்டும் போதும் என்பதுதான் உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆனால் தேதியைப் பார்த்து ஆரம்பிப்பதைவிட குழந்தையைப் பார்த்து ஆரம்பியுங்கள். கழுத்து நன்றாக நின்றுவிட்டதா? கொஞ்சம் தாங்கல் கொடுத்தால் நிமிர்ந்து உட்கார்கிறதா? பார்த்த பொருளைப் பிடித்து நேராக வாய்க்குக் கொண்டுபோகிறதா? வாயில் வைத்ததை நாக்கு தானாக வெளியே தள்ளும் பழக்கம் குறைந்துவிட்டதா? நான்குக்கும் ஆம் என்றால் தொடங்கலாம். ராத்திரி அடிக்கடி விழிக்கிறது, கையைச் சூப்புகிறது என்பதெல்லாம் சோற்றுக்கு அழைப்பு இல்லை. நான்காம் மாதத்திலேயே பாட்டிமார் அவசரப்படுத்தினால் சிரித்துக்கொண்டே தள்ளிப்போடுங்கள்.

இங்கே சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) 6ஆம் மாதத் தடுப்பூசி போடப் போவீர்கள் அல்லவா, கேள்விகளை எழுதிவைத்து அன்றைக்கே கேட்டுவிடுங்கள். குறைமாதக் குழந்தை என்றாலோ, எடை கூடுவதில் சிக்கல் இருந்தாலோ, மருத்துவர் சொல்லும் நாள்தான் உங்கள் நாள்.

இன்னொன்று. தாயின் வயிற்றிலிருந்து கொண்டுவந்த இரும்புச்சத்துச் சேமிப்பு ஆறாம் மாத வாக்கில் குறையத் தொடங்கும். அதனால் வாழைப்பழம், ஆப்பிள் என்று பழத்திலேயே ஒரு மாதத்தை ஓட்டிவிடாதீர்கள். முட்டை, மீன், கோழி, பருப்பு, டாவ் குவா என்று இங்கே விற்கிற கெட்டி டோஃபு, இவற்றில் ஏதாவது ஒன்று முதல் வாரங்களிலேயே தட்டுக்கு வரட்டும். சைவக் குடும்பங்களுக்கு அந்த டாவ் குவா ஒரு வரம். ஈரச்சந்தையில் மலிவு, வெட்டவும் சுலபம். தோசைக்கல்லில் லேசாகப் புரட்டினால் குழந்தையின் கையில் உடையாமலும் நிற்கும். கூடவே ஒரு துண்டு பப்பாளியோ தக்காளியோ இருந்தால், அதிலுள்ள வைட்டமின் சி இரும்பை உடம்பில் ஒட்டவைக்கும்.

உட்காரவைப்பது

நிமிர்ந்து உட்கார வேண்டும். அது ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். தள்ளுவண்டியில் சாய்ந்தபடியோ, கார் இருக்கையிலோ, தரையில் தவழ்ந்துகொண்டோ சாப்பிடக்கூடாது. மலிவான பிளாஸ்டிக் உயர நாற்காலி போதும். கால் தொங்கினால் குழந்தைக்கு உடம்பை நிலையாக வைத்துக்கொள்ள முடியாது, பாதம் ஊன்ற ஒரு பலகை கட்டிவிடுங்கள். நாற்காலி வாங்கும் வரை பாட்டி மடியே நல்ல நாற்காலி.

கீழே சிந்தும். நிறையச் சிந்தும். நான் பழைய தமிழ் முரசை விரித்துவைப்பேன், மாமா இன்னும் படித்து முடிக்காத பக்கமாகப் பார்த்து எடுத்துவிட்டேன் என்று சண்டை வரும். உடுப்பைக் கழற்றிவிட்டு நாப்பியோடு உட்காரவையுங்கள், இந்த வெக்கைக்கு அதுவே சுகம். மணிக்கட்டில் வசம்பு வளையலோ கறுப்பு மணியோ கட்டியிருந்தால் சாப்பிடும்முன் கழற்றுங்கள். ஈரம் ஊறி நூல் இற்றுப்போகும், ஒரு மணி கழன்றால் அது நேரே வாய்க்குத்தான் போகும்.

நேரம் முக்கியம். பசி தலைக்கேறி அழும் குழந்தை புதிதாக எதையும் பழகாது. பால் குடித்து ஒரு மணி நேரம் போல ஆனபின், தூக்கம் கண்ணைக் கட்டும் முன், அந்த இடைவெளியில் உட்காரவையுங்கள். முதல் இரண்டு வாரம் ஒரு நாளைக்கு ஒரு வேளை போதும். ஒரு வயது வரை பால்தான் முதன்மை உணவு. அதனால் தட்டில் வைத்த மூன்று துண்டும் தரைக்குப் போனாலும் குழந்தை பட்டினி கிடக்கவில்லை. இதை நம்புவது அம்மாக்களுக்குச் சிரமம், பாட்டிகளுக்கு அதைவிடச் சிரமம்.

எப்படி வெட்டுவது

புதியவர்கள் எல்லாரும் தவறுவது இங்கேதான். சின்னக் குழந்தைக்குச் சின்னத் துண்டு என்று நினைக்கிறோம். உண்மை தலைகீழ்.

ஆறு மாதக் குழந்தை எதையும் முழு உள்ளங்கையால்தான் பிடிக்கும். பிடித்த பிறகு விரலைத் திறந்து உள்ளே இருப்பதை எடுக்கத் தெரியாது. குண்டுமணி அளவு துண்டு வைத்தால் அது உள்ளங்கைக்குள் சிறைப்பட்டுவிடும், குழந்தை முஷ்டியைச் சப்பி அழும். ஆகவே உங்கள் சுட்டுவிரல் அளவு நீளமும் பருமனும் உள்ள துண்டாக வெட்டுங்கள். பாதி முஷ்டிக்குள், பாதி வெளியே. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாதியைத்தான் அது சாப்பிடும். எட்டு, ஒன்பது மாதத்தில் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து கிள்ளி எடுக்கக் கற்கும்போது துண்டைச் சின்னதாக்குங்கள். குழந்தை வளர வளரத் துண்டு சிறுக்கும்.

பதம் பார்ப்பது எளிது. உங்கள் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்துங்கள். நசுங்கினால் சரி, வழுக்கி எகிறினால் மறுபடி ஆவியில் வையுங்கள்.

"ஏம்மா, பல்லே முளைக்கலை, எப்படிக் கடிப்பான்?" என்று அத்தை கேட்டார். கையை நன்றாகக் கழுவிவிட்டு உங்கள் சுண்டுவிரலை அவன் ஈறுகளுக்கு நடுவே வைத்துப் பாருங்கள் அத்தை என்றேன். வைத்தார். அதன்பின் அந்தக் கேள்வி வரவில்லை.

நம் அடுப்படியிலிருந்தே

இட்லி வேகும்போது மேல் தட்டில் கேரட், மஞ்சள் பூசணி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பீன்ஸ் விரல் நீளத்தில் வைத்துவிடுங்கள். கேரட்டுக்கு மட்டும் இட்லியைவிட நேரம் அதிகம் பிடிக்கும். புரோக்கோலிக்குக் கடவுளே கைப்பிடி வைத்துப் படைத்திருக்கிறார், காம்போடு வேகவைத்துக் கொடுங்கள். பீட்ரூட்டும் நல்லதுதான், ஆனால் மறுநாள் நாப்பியைத் திறந்தால் ரத்தம் என்று பயந்துவிடாதீர்கள். நான் பாதி ராத்திரியில் மருத்துவமனைக்குக் கிளம்பத் தயாராகிவிட்டேன், அப்புறம்தான் முந்தைய நாள் பொரியல் ஞாபகம் வந்தது.

இட்லி மென்மைதான், ஆனாலும் அப்படியே கொடுத்தால் வாயில் எச்சிலோடு சேர்ந்து களிபோல அண்ணத்தில் ஒட்டும். நீளவாக்கில் வெட்டி, பருப்புத் தண்ணீரிலோ கொஞ்சம் நெய்யிலோ நனைத்துக் கொடுங்கள். தோசை என்றால் ஊத்தப்பம் மாதிரி தடியாக, மெதுவாக. மொறுமொறு ஓரத்தை வெட்டி நீங்கள் சாப்பிடுங்கள், அது குழந்தை வாயைக் கீறும். இங்கே புட்டு மாயம் என்று விற்கும் இடியாப்பத்தை வீட்டில் பிழிந்தால் அருமையான பயிற்சி உணவு. நூல் நூலாக இழுப்பதிலேயே பத்து நிமிடம் போகும். கடையில் வாங்கினால் மேலே தூவும் சர்க்கரை வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அசல் புட்டு உதிரியாக இருப்பதால் தொண்டையைக் கமறும், வாழைப்பழத்தோடு பிசைந்து நீளமாகப் பிடித்துக் கொடுங்கள். சப்பாத்தியைப் பருப்பில் ஊறவையுங்கள். பரோட்டா வேண்டாம், எண்ணெயும் உப்பும் மட்டுமல்ல, ரப்பர் போல இழுபடும். வெள்ளை ரொட்டி வாயில் பந்தாக உருளும், வாட்டி நீளமாக வெட்டினால் பரவாயில்லை.

வாழைப்பழத்தைத் தோலுரித்து நுனியில் விரலால் மெல்ல அழுத்தினால் நீளவாக்கில் மூன்றாகப் பிரியும். இது எனக்குத் தெரிந்தபோது வயது முப்பத்திரண்டு. பப்பாளி, மாம்பழம், அவகாடோ எல்லாம் வழுக்கும். வறுத்த கேழ்வரகு மாவில் புரட்டினால் பிடி கிடைக்கும். மாம்பழக் காலத்தில் சதையைச் சீவிய பெரிய கொட்டையைக் கையில் கொடுத்துப் பாருங்கள், அரை மணி நேரம் வீடு அமைதியாக இருக்கும். நார் கழன்று வருகிறதா என்று மட்டும் கண் இருக்கட்டும்.

மீனுக்கு இங்கே எல்லா இனப் பாட்டிகளும் கைகாட்டுவது குராவ். நம் ஊரில் காலா என்போம். முள் குறைவு, சதை மெத்தென்று இருக்கும், விலைதான் மெத்தென்று இருக்காது. வேறு வெள்ளை மீனும் நல்லதுதான். எந்த மீனானாலும் வெந்தபின் விரலால் நசுக்கி நசுக்கி முள் தேடுங்கள், கண்ணை மட்டும் நம்பக்கூடாது. கோழியில் தொடைக்கறி வறளாமல் இருக்கும். கொத்துக்கறியை உருண்டையாகப் பிடிக்காமல் தட்டை விரல் வடிவில் பிடித்து வேகவையுங்கள். முட்டையை ஆம்லெட் போட்டு நீளவாக்கில் கீறுங்கள், நன்றாக வெந்திருக்க வேண்டும். காப்பிக்கடையில் தாத்தா தன் அரைவேக்காட்டு முட்டையில் ரொட்டியை நனைத்துப் பேரன் வாயில் வைப்பது பார்க்க அழகுதான், இந்த வயதில் வேண்டாம்.

கரண்டியை எதிரியாக்க வேண்டாம். குழந்தையே எடுத்துச் சாப்பிட வேண்டும், கரண்டி தொடவே கூடாது என்று ஒரு மதம் மாதிரி பின்பற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அதில் ஒட்டுதல் இல்லை. கேழ்வரகுக் கூழையும் பருப்புக் கஞ்சியையும் எப்படிக் கையால் எடுப்பது? கரண்டியில் மொண்டு அதன் காம்பைக் குழந்தை கையில் கொடுங்கள். அல்லது குழைந்த பருப்புச் சோற்றை நீளக் கவளமாகப் பிடித்துத் தட்டில் வையுங்கள். ஒரு வேளை துண்டு, ஒரு வேளை கஞ்சி என்று கலந்தாலும் ஒன்றும் குடிமுழுகாது. வாயில் வைப்பது அதன் கையாக இருக்கட்டும், அவ்வளவுதான். நீங்கள் திணிக்கும் துண்டு எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்பது அதன் கட்டுப்பாட்டில் இல்லை. சிக்கல் வருவது அங்கேதான்.

உப்பு, சர்க்கரை, தேன்

ஒரு வயது வரை உப்பு சேர்க்க வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம். தனிச் சமையல் செய்யச் சொல்லவில்லை. தாளித்த பின் உப்பு போடும்முன் ஒரு கிண்ணம் எடுத்துவைத்தால் முடிந்தது. இட்லி மாவிலும் அப்படியே, அரைத்ததும் இரண்டு கரண்டி தனியாக எடுத்துவிட்டு மீதிக்கு உப்பு போடுங்கள். சிங்கப்பூர் வெக்கையில் உப்பில்லாத மாவும் ஜோராகப் பொங்கும். இங்கே பலர் கஞ்சியில் நெத்திலிப் பொடி தூவுவார்கள். காய்ந்த நெத்திலியை உப்புத் தண்ணீரில் அவித்துத்தான் உலர்த்துகிறார்கள், எனவே நன்றாக ஊறவைத்துக் கழுவாமல் பொடிக்காதீர்கள். மஞ்சள், சீரகம், பெருங்காயம், கொஞ்சம் மல்லித்தூள் எல்லாம் தாராளமாகச் சேர்க்கலாம். காரம்தான் வேண்டாம்.

தேன் கூடவே கூடாது. சேனை தொட்டு வைக்கும் வழக்கம் உள்ள குடும்பங்களில் இதைச் சொல்வது எளிதல்ல, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு உண்டாக்கும், தசைகள் தளர்ந்து மூச்சே சிரமமாகும். காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது.

தண்ணீர், ஆறு மாதத்துக்குப் பின் சாப்பாட்டோடு இரண்டு மூன்று வாய். சின்ன டம்ளரிலேயே பழக்குங்கள்.

ஒவ்வாமை

முன்பெல்லாம் வேர்க்கடலையை மூன்று வயது வரை தள்ளிப்போடச் சொன்னார்கள். இப்போது அந்த அறிவுரை மாறிவிட்டது. 2015இல் லண்டனிலிருந்து வெளியான லீப் ஆய்வில், ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகமுள்ள 600க்கும் மேற்பட்ட குழந்தைகளை ஐந்து வயது வரை கவனித்தார்கள். முதல் வருடத்திலேயே கடலையைச் சாப்பிடத் தொடங்கியவர்களிடம் கடலை ஒவ்வாமை சுமார் 80 விழுக்காடு குறைந்திருந்தது. எனவே கடலையும் முட்டையும் தள்ளிப்போட வேண்டியவை அல்ல. ஆனால் முழுக்கடலை அல்ல. வழவழப்பான கடலை வெண்ணெயை வாட்டிய ரொட்டியில் மெல்லியதாகத் தடவுங்கள், அல்லது நைசாக அரைத்த கடலைப் பொடியை வாழைப்பழத்தில் பிசையுங்கள். கரண்டி நிறைய வெண்ணெய் தொண்டையில் அப்பிக்கொள்ளும்.

புதிய வகையை ஒவ்வொன்றாக, காலை வேளையில், மருந்தகம் திறந்திருக்கும் நாளில் கொடுங்கள். முதல் நாள் கொஞ்சம், பிறகு இரண்டு மணி நேரம் கண்காணிப்பு. வாயைச் சுற்றி லேசாகச் சிவப்பது தக்காளிப் புளிப்பாலும் வரும். உடம்பெல்லாம் தடிப்பு, உதடோ கண்ணோ வீங்குவது, திரும்பத் திரும்ப வாந்தி என்றால் மருத்துவரிடம் போங்கள். மூச்சு இழுத்தாலோ, குழந்தை துவண்டாலோ 995, அதுதான் இங்கே ஆம்புலன்ஸ் எண். தோலில் கடுமையான கரப்பான் உள்ள குழந்தைக்கும், முட்டைக்கு ஏற்கெனவே தடித்த குழந்தைக்கும் கடலை கொடுக்கும்முன் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.

சீன அண்டைவீட்டார் அன்போடு பறவைக்கூடு சூப் கொண்டுவந்து தருவதுண்டு. அதற்குக் கடுமையான ஒவ்வாமை வந்த சிறுவர்களைச் சிங்கப்பூர் மருத்துவர்கள் 1990களிலேயே பார்த்திருக்கிறார்கள். நன்றி சொல்லி வாங்கி நீங்கள் குடியுங்கள்.

கையில் கொடுக்கவே கூடாதவை

உருண்டையாக, கெட்டியாக, வழுக்குவதாக இருக்கும் எதுவும் குழந்தையின் மூச்சுக்குழாயை மூடிபோல அடைக்கும். முழுத் திராட்சை, லோங்கான், ரம்புத்தான், மீன் உருண்டை, சாசேஜ், ஜெல்லி, பாப்கார்ன், வேகவைக்காத கேரட், வேகவைக்காத ஆப்பிள், முழுக் கொட்டை வகை எல்லாம் அந்தக் கூட்டம்தான். திராட்சையை நீளவாக்கில் நான்காக்குங்கள், குறுக்கே வெட்டினால் இன்னும் வட்டமாகத்தான் இருக்கும். கொண்டைக்கடலையை வேகவைத்து ஒவ்வொன்றாக நசுக்கித் தட்டையாக்குங்கள். தாத்தா வாங்கிவரும் கச்சாங் பூத்தே (வறுத்த கடலை, பயறு வகை) பொட்டலம் தாத்தாவோடேயே இருக்கட்டும்.

தீபாவளிக்கு இன்னொரு தொல்லை. வருகிற பெரியம்மா ஒவ்வொருவரும் "பல்லு முளைக்கிற வயசு, கடிச்சுக்கிட்டு இருக்கட்டும்" என்று முறுக்கை நீட்டுவார்கள். முறுக்கு சப்பினால் கரையாது, ஈறு அழுத்தினால் படக்கென்று கூரான துண்டாக உடையும். கடலை மிட்டாயும் தட்டையும் அப்படியே. கோபித்துக்கொள்ளாமல் முறுக்கை வாங்கிக்கொண்டு பதிலுக்கு ஒரு குளிர்ந்த வெள்ளரித் துண்டைக் குழந்தை கையில் வைத்துவிடுவேன் என்று எழுத ஆசைதான், ஆனால் பச்சை வெள்ளரியும் உடையும். ஈரத் துணியைக் குளிர்பெட்டியில் வைத்து எடுத்துக் கொடுங்கள்.

ஓங்கரிப்பு வேறு, மூச்சடைப்பு வேறு

ஏழாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தோசைத் துண்டு உள்ளே கொஞ்சம் கூடுதலாகப் போய்விட்டது. கண் கலங்கி, முகம் சிவந்து, நாக்கை நீட்டி "ஓ" என்று ஓங்கரித்தான். அத்தை பாய்ந்துவந்து வாய்க்குள் விரலை விட்டார். துண்டு இன்னும் உள்ளே போனது. நல்லவேளை, அவனே இருமி வெளியே தள்ளிவிட்டு அடுத்த துண்டுக்குக் கை நீட்டினான். எங்கள் இரண்டு பேருக்கும்தான் கைகால் நடுங்கியது.

கைக்குழந்தைக்கு ஓங்கரிப்பு வரும் இடம் நமக்கு இருப்பதைவிட நாக்கின் முன்பக்கமே இருக்கிறது. துண்டு ஆபத்தான இடத்தை எட்டும் முன்பே உடம்பு அதைத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு அது. சத்தம் வரும், முகம் சிவக்கும், இருமல் வரும். அப்போது நீங்கள் செய்ய வேண்டியது கையைக் கட்டிக்கொண்டு கவனிப்பது. புரையேறினால் உச்சந்தலையைத் தட்டி "யாரோ நினைக்கிறாங்க" என்பார்களே, நினைத்துக்கொள்ளட்டும், குழந்தை இருமும் வரை இருமவிடுங்கள்.

மூச்சடைப்பு மௌனமாக வரும். அழ முயலும், சத்தம் வராது. இருமல் வராது, அல்லது சன்னமாக வரும். உதடு நீலம் பாயும். அப்போது உடனே, ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு:

1. கூட இருப்பவரை 995க்கு அழைக்கச் சொல்லுங்கள். தனியாக இருந்தால் தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள். புளோக் எண், வீட்டு எண் இரண்டையும் சொல்லுங்கள்.
2. குழந்தையை உங்கள் முன்கையில் குப்புறக் கிடத்துங்கள். தாடையைக் கையால் தாங்குங்கள், தலை மார்பைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை உறுதியாகத் தட்டுங்கள்.
3. வரவில்லையென்றால் மல்லாக்கத் திருப்பி, மார்பின் நடுவில் முலைக்காம்புக் கோட்டுக்குச் சற்றே கீழே 5 முறை அழுத்துங்கள்.
4. பொருள் வெளியே வரும் வரை, அல்லது குழந்தை அழும் வரை, 5 தட்டு 5 அழுத்தல் என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுங்கள், தெரியாததைத் தேடி விரல் விடாதீர்கள். தலைகீழாகப் பிடித்து உலுக்காதீர்கள். வயிற்றை அழுத்துவது இந்த வயதுக்கு அல்ல.
5. துவண்டு மூச்சில்லாமல் போனால் கெட்டியான தரையில் படுக்கவைத்து இதய இயக்க மீட்பு முதலுதவியை (சிபிஆர்) தொடங்க வேண்டும். 995இல் பேசுகிறவர் சொல்லச் சொல்லச் செய்யுங்கள்.

படித்தால் போதாது, பொம்மையில் ஒரு தடவையாவது அழுத்திப் பார்த்திருக்க வேண்டும். சிங்கப்பூர்ச் செஞ்சிலுவைச் சங்கம் உட்படப் பலர் குழந்தை முதலுதவி வகுப்பு நடத்துகிறார்கள். நாற்காலிக்குச் செலவழிக்கும் முன் அந்தக் காசை இதற்குச் செலவழியுங்கள். வீட்டில் பணிப்பெண் பார்த்துக்கொள்கிறார் என்றால் அவரையும் அனுப்புங்கள்.

தானே எடுத்துச் சாப்பிடுவதால் மூச்சடைப்பு கூடுமா என்ற பயத்துக்கு ஓரளவு பதில் உண்டு. நியூசிலாந்தில் சுமார் 200 குழந்தைகளைக் கவனித்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், கரண்டியில் ஊட்டப்பட்டவர்களுக்கும் தானே எடுத்துச் சாப்பிட்டவர்களுக்கும் அதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் எதைத் தரக்கூடாது என்று அந்தப் பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதுதான் விஷயம்.

உங்கள் கண் இல்லாத நேரத்தில்

சிங்கப்பூர்க் குடியுரிமையுள்ள குழந்தைக்குத் தாயின் பேறுகால விடுப்பு 16 வாரம். ஆறாம் மாதம் வரும்போது நம்மில் பலர் அலுவலகத்தில் இருப்போம், ஊட்டும் கை வேறொருவருடையது. நாங்கள் விட்ட பராமரிப்பு நிலையத்தில் எல்லாக் குழந்தைக்கும் ஒரே கஞ்சி, ஒரே கரண்டி. பத்துக் குழந்தைகளை வைத்துக்கொண்டு அவர்களும் என்ன செய்வார்கள்? சண்டை போடவில்லை. அங்கே கஞ்சி, வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்குத் துண்டு என்று பிரித்துக்கொண்டோம். அவன் குழம்பவே இல்லை. கொட்டை வகை கொண்டுவரக் கூடாது என்று சில நிலையங்களில் விதி உண்டு, அப்படியானால் கடலை அறிமுகம் வார இறுதியில் வீட்டில்தான்.

பாட்டியோ பணிப்பெண்ணோ வீட்டில் பார்த்துக்கொண்டால், குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாளை ஒட்டுங்கள். எது கூடாது, எந்த அளவில் வெட்டுவது, 995. அவ்வளவே. நீளமாக எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

அப்புறம் கைத்தொலைபேசி. நம் தலைமுறை நிலாவைக் காட்டி ஊட்டப்பட்ட தலைமுறை. பதினாலாம் மாடித் தாழ்வாரத்தில் நின்று எம்ஆர்டி ரயிலைக் காட்டி என் மூத்தவளுக்கு ஊட்டியிருக்கிறேன். இப்போது நிலாவின் இடத்தில் காணொளி. 18 மாதத்துக்குக் கீழ் திரையே வேண்டாம், தஞ்சாவூர்த் தாத்தாவோடு காணொளி அழைப்பு மட்டும் போகட்டும் என்கிறது சுகாதார அமைச்சு. அந்த அழைப்பையும் சாப்பாட்டு நேரத்தில் வைக்காதீர்கள். வாயில் இருப்பது என்ன என்று தெரியாமல் விழுங்குவது பழக்கத்துக்கும் கெடுதல், தொண்டைக்கும் ஆபத்து. வேடிக்கை வேண்டுமென்றால் நீங்களே எதிரில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், நீங்கள் மெல்லும் வாயைத்தான் அது கண்கொட்டாமல் பார்க்கும்.

ஒன்பதாம் மாதத்துக்கு மேல்

கிள்ளி எடுக்க வந்துவிட்டால் வெந்த பட்டாணியை நசுக்கி, சோற்றைச் சிறு கட்டிகளாக, ஆம்லெட்டைச் சிறு சதுரங்களாக வையுங்கள். ஒரு நேரத்தில் நான்கைந்து துண்டு மட்டும். தட்டை நிரப்பினால் அள்ளி வாயில் அடைத்துக்கொள்ளும், இல்லையென்றால் தட்டே பறக்கும். தூக்கி எறிவது இந்த மாதத்துக் கலை. எடுத்துக்கொடுத்தால் விளையாட்டாகிவிடும், இரண்டாம் தடவை எறிந்தால் சாப்பாடு முடிந்தது என்று இறக்கிவிடுங்கள்.

ஒரு காய் பிடிக்கவில்லை என்று முடிவுகட்ட அவசரப்படாதீர்கள். பாகற்காய் தவிர மற்ற எதையும் என் மகன் பத்துத் தடவைக்குள் ஏற்றுக்கொண்டான். அவன் அப்பாவும் பாகற்காயைத் தொடுவதில்லை என்பதால் அதை நான் தோல்வியாகக் கணக்கில் எடுக்கவில்லை.

மஞ்சள் கறை பற்றிக் கேட்பீர்கள். நாற்காலித் தட்டும் கழுத்துத் துணியும் மஞ்சளாகிவிட்டால் சோப்பு போட்டுத் தேய்த்து மாளாது. ஈரமாகவே ஜன்னலோரத்தில், துணி காயப்போடும் கம்பில், நேர் வெயில் படும்படி மாட்டிவிடுங்கள். மதியத்துக்குள் பாதி வெளுத்திருக்கும்.